வெள்ளம் வடிந்த மறுநாள்

ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் பிறந்துவிட்டால் ஏரிகளின் நீர்மட்டம் எத்தனை அடி, மதகுகளின் வழியே வெளியேறுவது எத்தனை கன அடி என்ற கணக்குகள் பத்திரிகைகளில் இடம் பெறத் தவறுவதில்லை. நாமும் அவற்றைப் பிரசுரிக்கிறோம். ஏரியைத் திறந்தது யார், ஜனங்களுக்கு முன்னறிவிப்புச் செய்யாதது ஏன் என்று ஸர்க்காரைக் கேட்பது நமது கடமை. அதினின்றும் நாம் வழுவப் போவதில்லை. ஆனால் தெருவில் நின்ற தண்ணீர் வடிந்து, படகுகள் திரும்பிப் போய், மந்திரிமார்களின் சுற்றுப்பயணமும் முடிந்த பிறகு, ஒரு கிருஹஸ்தர் தம் வீட்டு வாயிற்படியில் நின்று, சேறு படிந்த கூடத்தைப் பார்த்துத் திகைக்கும் அந்த நாளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. வீடு உண்மையில் காக்கப்படுவதும் கைவிடப்படுவதும் அந்த நாளிலும் அதற்கு அடுத்த நாளிலுந்தான். வெள்ளம் அழித்தது போக மீந்து நின்றதைக் காத்திருப்பு அழித்துவிடுகிறது என்பதே நாம் இன்று சொல்ல வந்த விஷயம்.

2015-ம் வருஷத்துச் சென்னை வெள்ளத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 1-ந் தேதி காலை முதல் 2-ந் தேதி காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் வெளியேற்றப்பட்டது. அடையாறு கரைபுரண்டு, முடிச்சூர், மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் புகுந்தது. 1878-ல் தோன்றிய 'ஹிந்து' பத்திரிகையே டிசம்பர் 2-ந் தேதி வெளிவரவில்லை. ஊழியர்கள் அச்சுக்கூடத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. பின்னர் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணிக் கரை முழுவதும் நீர். பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும் பழகிய தேசம் இது. எனினும், வெள்ளம் வந்து போன வீட்டை எப்படி நடத்துவது என்ற பழக்கம் மட்டும் நம்மிடம் இன்னும் உண்டாகவில்லை.

வீட்டுக்குள் வந்தது மழைநீர் என்று எண்ணுவது முதல் தவறு. கூரை ஒழுகினாலும் மேல்தொட்டி வழிந்தாலும் வருவது ஒருவாறு சுத்தமான நீர். துடைத்து உலர்த்தினால் போதும். ஆற்று வெள்ளமோ வழியிலுள்ள சாக்கடையையும் மலக்குழிகளையும் குப்பை மேடுகளையும் கரைத்துக்கொண்டு வருவது. 2023-ல் எண்ணூர்ப் பகுதியில் வீடுகளுக்குள் புகுந்த நீரில் எண்ணெயும் கலந்திருந்தது. அத்தகைய நீரில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு மறுபடியும் விரித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது சிக்கனம் ஆகாது. அரிசி, பருப்பு, மாவு, தலையணை, குழந்தைகளின் பஞ்சுப் பொம்மை ஆகியவை அந்நீரில் நனைந்திருந்தால் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். வீட்டுப் பெண்மணிகளுக்கு இது மனம் பொறுக்காத காரியம் என்பதை அறிவோம். ஆயினும் வைத்தியர் வீட்டுக்கு நடக்கும் செலவு மெத்தையின் விலையினும் அதிகம்.

இரண்டாவது, காலக் கணக்கு. பூஞ்சணத்தின் நுண்வித்துக்கள் எப்பொழுதும் காற்றில் மிதந்துகொண்டே இருப்பவை. அவை முளைக்க வேண்டுவது ஈரம் ஒன்றே. உணவாக மரமும் காகிதமும் பசையும் துணியும் வீட்டில் ஏராளம். நனைந்த பொருளில் இருபத்துநான்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவை வேர்விடத் தொடங்குகின்றன. நமது மார்கழிக் குளிர் அவற்றைத் தடுக்கும் குளிர் அன்று. அன்றியும், செங்கற் சுவர் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை மேலே இழுக்கும் தன்மையுடையது. வெள்ளம் மூன்று அடி நின்றிருந்தால், ஈரம் அந்தக் கோட்டோடு நிற்பதில்லை. தரையில் சேறும் நீரும் தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும் சுவர் குடித்துக்கொண்டே இருக்கிறது. சேறு ஈரமாயிருக்கும்போது மண்வெட்டியால் வழித்துத் தள்ளுவது எளிது. காய்ந்து இறுகிவிட்டால் அதைச் சுரண்டுவது பலமடங்கு வேலை, அதனின்று எழும் தூசி நெஞ்சுக்கும் கெடுதல்.

இவ்வளவும் தெரிந்தும் ஜனங்கள் ஏன் காத்திருக்கிறார்கள்? சோம்பலால் என்று சொல்லுவோர் உண்டு. நாம் அதை ஒப்பவில்லை. சட்டத்தைப் பற்றிய ஒரு தவறான பயமே பெரும்பான்மையான வீடுகளில் கையைக் கட்டிப்போடுகிறது. "இன்ஷ்யூரன்ஸ்காரர் வந்து பார்க்காமல் எதையும் தொடாதே, பணம் கிடைக்காது" என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். வீட்டுக்காரர் அதை வேதவாக்காகக் கொண்டு, ஊறிப்போன கம்பளத்தையும் உப்பிய அலமாரியையும் பத்து நாள் கூடத்திலேயே வைத்துக்கொண்டு, மதிப்பீட்டாளர் எப்பொழுது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மதிப்பீட்டாளரோ ஆயிரம் வீடுகளுக்கு ஒருவராக அலைந்துகொண்டிருக்கிறார்.

வக்கீல் தொழிலில் பழகிய முறையில் நாம் சொல்லுகிறோம்: சட்டம் இதற்கு நேர்மாறானது. வந்த நஷ்டம் மேலும் பெருகாதபடி தன்னால் இயன்ற நியாயமான முயற்சியைச் செய்வது இன்ஷ்யூர் செய்தவர் கடமை என்பது இத்தகைய பத்திரங்களில் வழக்கமாகக் காணப்படும் நிபந்தனை. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவும், நஷ்டத்தை மதிப்பிடுகையில் அதை நிவர்த்தி செய்துகொள்ளக் கையிலிருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டுமென்று கூறுகிறது. இன்ஷ்யூர் செய்திராத ஒரு புத்திசாலி தன் வீட்டில் என்ன செய்வானோ அதையே இவரும் செய்ய வேண்டும். ஆகையால் காத்திருந்தவருக்கே, "வெள்ளத்தால் கெட்டது இவ்வளவு, உம்முடைய அசட்டையால் கெட்டது இவ்வளவு" என்று கம்பெனி பிரித்துப் பேச இடமுண்டு.

சாட்சியம் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் சாட்சியம் என்பது பொருளையே அழுகவிட்டு வைத்திருப்பது அன்று. ஒரு பொருளையும் நகர்த்துமுன் ஒவ்வோர் அறையையும் நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுக்க வேண்டும். இன்று படம் எடுக்கும் கருவி இல்லாத சட்டைப்பை அரிது. சுவரில் நீர் நின்ற கோடு படத்தில் தெளிவாகத் தெரியவேண்டும். அருகில் ஒரு அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. யந்திர சாமான்களின் பின்புறத்திலுள்ள எண்களையும் படம் எடுக்க. எறியப்போகும் கம்பளத்திலும் மெத்தைத் துணியிலும் ஒரு சாண் துண்டு வெட்டிப் பையில் போட்டு வைக்க. பிறகு கம்பெனிக்கு, இன்ன தேதி இன்ன மணிக்கு வெள்ளம் புகுந்தது, அழுகும் பொருள்களைச் சுகாதாரத்தை முன்னிட்டு அகற்றுகிறோம், படங்களும் ஜாபிதாவும் இத்துடன் இருக்கின்றன, மதிப்பீட்டாளரை உடனே அனுப்புக என்று எழுத்து மூலமாய் அன்றே தெரிவிக்க. தொலைபேசியில் சொல்லிவிட்டோம் என்பது வழக்குமன்றத்தில் அரைச் சாட்சியமே. இத்தனையும் செய்ய இரண்டு மணி நேரம் போதும். அதன் பிறகு மண்வெட்டியை எடுக்கலாம்.

இன்னொன்று. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற பெயரில் எல்லாப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் ஒரே மாதிரியான வீட்டுப் பத்திரத்தை விற்க வேண்டுமென்று ஏற்பட்டிருக்கிறது. வெள்ளமும் அதில் அடங்கும். மோட்டார் வண்டிக்குத் தவறாமல் பிரீமியம் கட்டும் நம்மவர்களில் பெரும்பாலோர் குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டுவதில்லை. இந்த விநோதத்தை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

ஸர்க்கார் கணக்கெடுப்புக்காகக் காத்திருப்பவர்களும் உண்டு. 2015-ல் வெள்ளம் புகுந்த வீட்டுக்கு 5,000 ரூபாயும், 2023-ல் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும் ஸர்க்கார் அளித்தது. ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகையே. அதைக் கேட்டுப் பெறுவது உரிமை. ஆயினும் அதைப் பெறுவதற்காகச் சேற்றை விட்டுவைக்க வேண்டியதில்லை. சுவரில் நீர் நின்ற கோடு ஒரே கழுவலில் மறைந்துவிடுவதன்று. தெருவில் இருபது வீடுகளின் கோடும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது எந்தத் தாசில்தாரும் மறுக்க முடியாது.

குடிக்கூலிக்கு இருப்போர் நிலைமை இன்னும் சங்கடமானது. "வீடு அவருடையது, அவர் வந்து செய்யட்டும்" என்று குடித்தனக்காரரும், "இருப்பவர் நீர், நீரே செய்துகொள்ளும்" என்று சொந்தக்காரரும் சொல்லிக்கொண்டிருக்க, இருவருக்கும் பொதுவான கதவு உப்பிப் பிளக்கிறது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு இதற்கு வழி சொல்லியிருக்கிறது. சொந்தக்காரர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யாவிட்டால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வெள்ளத்தால் வீடு குடியிருக்க நிரந்தரமாகவே லாயக்கற்றுப் போனால் குத்தகையை ரத்து செய்துகொள்ளும் விருப்பமும் குடியிருப்பவருக்கு உண்டு. 2019-ல் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ, வேறு உடன்படிக்கை இல்லாதவரை, கட்டடத்தின் ரிப்பேரையும் சுவருக்கு வெள்ளையடிப்பதையும் மின்கம்பிகளைப் புதுப்பிப்பதையும் சொந்தக்காரர்மேல் சுமத்துகிறது. ஆனால் சேற்றை வழிப்பதும் ஜன்னலைத் திறப்பதும் யாருடைய கடமை என்று சட்டப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு நாம் என்ன சொல்வது!

வீட்டுக்குள் கால் வைக்குமுன் ஒரு எச்சரிக்கை. மின்சார மெயின் ஸ்விட்சை நிறுத்தாமல் நீர் நிற்கும் வீட்டில் நுழையலாகாது. ஸ்விட்சுப் பலகையின் அடியிலேயே நீர் நின்றால் அதைத் தாமே தொடாமல் மின்வாரியத்தாரைக் கொண்டு கம்பத்திலேயே இணைப்பை நீக்கச் செய்ய வேண்டும். பலரும் அறியாத ஆபத்து ஒன்று உண்டு: இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் ஸ்விட்சை நிறுத்திய பிறகும், பாட்டரியிலிருந்து கம்பிகளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். "கரண்டு இல்லை" என்று தைரியமாக நீரில் இறங்குவோர் இதை நினைக்க வேண்டும். நனைந்த குளிர்பெட்டியையும் சலவை யந்திரத்தையும் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்ப்பதும் கூடாது. சமையல் வாயு உருளை மிதந்து குழாய் கழன்றிருக்கலாம்; மணம் பார்த்த பிறகே தீக்குச்சி. மூலைகளிலும் துணிக் குவியல்களிலும் பாம்பும் தேளும் ஒதுங்கியிருக்கும். கையை விடுமுன் கோலை விடுக.

சேற்றை வழித்த பிறகு கழுவல். கழுவிய பிறகே கிருமிநாசினி. அழுக்கின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவுவது, தெருவோரத்தில் வெள்ளைக் கோடு போடும் நகராட்சி வழக்கத்தைப் போல, கண்ணுக்குத் திருப்தியளிப்பதே அன்றி வேறில்லை. அந்தப் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்ப்பது மகா அபாயம். அதிலிருந்து எழும் குளோரின் புகை உயிரையே குடிக்கும். தரைக்கடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியில் வெள்ளம் கலந்திருந்தால், முழுவதும் இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, புது நீர் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 5 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, அரைமணி கழித்தே புழங்க வேண்டும். குடிப்பதற்குக் காய்ச்சி ஆற்றிய நீர்தான். ஆனால் பெரிய கட்டடங்களின் நிலவறையில் நிற்கும் நீரை மட்டும் ஒரே மூச்சில் இறைக்கலாகாது. வெளியே மண் நீரால் கனத்து நெருக்கிக்கொண்டிருக்க, உள்ளே சட்டென்று வெறுமையானால் சுவர் உள்வாங்கும். நாளொன்றுக்கு மூன்றில் ஒரு பங்காக இறைப்பது உத்தமம். அவசரம் வேண்டும் என்று சொல்லும் கட்டுரையில் நாமே நிதானம் சொல்லும் இடம் இது.

காகிதங்களைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் மெத்தையை மறுபடி வாங்கலாம். பாட்டனார் கையெழுத்திட்ட கிரயப் பத்திரத்தை வாங்க முடியாது. 1966 நவம்பர் 4-ந் தேதி இத்தாலியில் ஆர்னோ நதி பெருகி பிளாரென்ஸ் நகரத்துள் புகுந்தது. அந்நாட்டுத் தேசீய நூலகத்தில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட புத்தகங்களும் காகிதங்களும் சேற்றில் அமிழ்ந்தன. பல தேசங்களிலிருந்தும் வாலிபர்கள் தாமாகவே வந்து, வரிசையாய் நின்று, கைமாற்றிக் கைமாற்றி அவற்றை வெளியே எடுத்தார்கள். 'சேற்றுத் தேவதைகள்' என்று அந்நகரத்தார் அவர்களுக்குப் பெயரிட்டார்கள். நனைந்த காகிதத்தை நடத்தும் முறைகளை உலகம் அங்கேதான் பெரிதும் கற்றுக்கொண்டது. ஆறு வருஷங்களுக்குப் பின் அமெரிக்காவில் கார்னிங் நகரத்துக் கண்ணாடிக் காட்சிசாலையின் நூலகம் வெள்ளத்தில் மூழ்கியபோது, புத்தகங்களை முதலில் குளிரில் உறையவைத்துப் பூஞ்சணத்தை நிறுத்திவிட்டு, பிறகு சாவகாசமாக உலர்த்தினார்கள்.

அந்த வித்தை நம் வீட்டுக்கும் பொருந்தும். ஒட்டிக்கொண்ட பத்திரக் கட்டைப் பிரித்து இழுக்கலாகாது; இழுத்தால் மை ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமும் வரும். இரண்டொரு தாளானால் நிழலில், மின்விசிறிக் காற்றில், மை உறிஞ்சும் தாள்களை இடையிட்டு, நனைந்ததும் மாற்றி மாற்றி உலர்த்துக. அச்சிட்ட பத்திரிகைத் தாளை இடையிட வேண்டாம். நமது தலையங்கம் உங்கள் கிரயப் பத்திரத்தில் பதிந்துவிடும்! வெயிலில் போட்டால் தாள் சுருண்டு மை மங்கும். கட்டுக் கட்டாக நனைந்திருந்தால் பிளாஸ்டிக் உறையில் இட்டு, மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிட்டால், அவசரம் தீர்ந்தது. வாரங்கள் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிக்கலாம். அப்படியும் பத்திரம் போய்விட்டதென்றால் சொத்தே போய்விட்டதாகக் கலங்க வேண்டாம். பதிவு செய்த பத்திரத்தின் நகலை 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி ரிஜிஸ்திரார் ஆபீஸில் பெறலாம். மூலம் அழிந்துபோனதை நிரூபித்தால் அந்த நகலைக் கோர்ட்டும் ஏற்கும். 2015 டிசம்பரில் இதற்காகவே சென்னையிலும் அண்டை ஜில்லாக்களிலும் ஸர்க்கார் தனி முகாம்கள் நடத்தியது. அது பாராட்டத்தக்க காரியம்.

இனி நம் ஊழியர்களுக்கு, கட்சி வித்தியாசமின்றி, ஒரு வார்த்தை. வெள்ளம் என்றவுடன் நம் வாலிபர்கள் இட்டிலிப் பொட்டலங்களுடன் ஓடுகிறார்கள். அந்த வேகத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் நீர் வடிந்த மறுநாள் அந்தத் தெருவில் பசியைவிடப் பெரிய குறை கைகள் இல்லாமையே. வயோதிகத் தம்பதிகளும், புருஷனை இழந்து குழந்தைகளுடன் இருப்பவளும், கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ள தொழிலாளியும், நனைந்த மெத்தையையும் பீரோவையும் தனியே எப்படித் தூக்குவார்கள்? பத்துப் பேர், ஒரு பம்பு, நான்கு மண்வெட்டி, தண்ணீர் தள்ளும் கட்டைகள் சில. இவ்வளவு இருந்தால் ஒரே நாளில் பல வீடுகள் மறுபடி வீடாகும். 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தில் மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து உயிர் காத்ததை உலகம் புகழ்ந்தது. நீர் வடிந்தபின் பல்லாயிரம் தொண்டர்கள் வீடு வீடாகப் புகுந்து சேறு வழித்ததை அவ்வளவாக யாரும் புகழவில்லை. அதுவும் அதற்குக் குறைந்த தொண்டன்று.

அங்கே கற்ற பாடம் ஒன்றும் உண்டு. வெள்ளத்துக்குப் பின் எலிக்காய்ச்சல் பரவிற்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு நிற்பவரின் சிறு காயத்தின் வழியே அந்த நோய் உடலில் புகும். சுகாதார இலாகாவினர் தொண்டர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளை வழங்கினார்கள். ஆகவே வைத்தியர் யோசனையும், முழங்கால்வரை ரப்பர் ஜோடும், கையுறையும் இல்லாமல் ஒரு வாலிபரையும் சேற்றில் இறக்கலாகாது. இதை வாலிபர்களுக்குச் சொல்லும்போது, 2015-ல் வெளி ஜில்லாக்களிலிருந்து வரவழைக்கப்பட்டுச் சென்னையின் குப்பை மலைகளை வெறுங்கையால் அள்ளிய துப்புரவுத் தொழிலாளர்களை நினையாமல் இருக்க முடியவில்லை. அவர்களுக்கு அன்று கையுறை கொடுக்காதவர்கள் இன்றும் பதில் சொல்லவில்லை.

கடைசியாக வர்ணப் பூச்சு. டிசம்பரில் வெள்ளம் வருகிறது, ஜனவரியில் பொங்கல் வருகிறது. சுவரின் கறை கண்ணை உறுத்துகிறது. பண்டிகைக்கு முன் பெயிண்டு அடித்துவிட வேண்டுமென்று வீடெங்கும் பேச்சு. சேற்றை வழிக்கப் பத்து நாள் காத்திருந்தவர் சுவரை மூடப் பத்து நாள் பொறுக்கமாட்டார். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை மெல்ல வெளியே விட்டுவிடும். இக்காலத்துச் சிமெண்டுப் பூச்சும் அதன்மேல் பூசும் பளபளப்பான வர்ணமும் ஈரத்தை உள்ளேயே சிறை வைத்துவிடும். மாசியில் அது கொப்புளித்து, உப்புப் பூத்து, உரிந்து விழும், செலவு இருமடங்கு. மழை விட்ட நாட்களில் ஜன்னல்களை அகலத் திறந்தும், மழை பெய்யும் நாட்களில் மூடி விசிறியை ஓடவிட்டும், அலமாரிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தும் மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். உலர்ந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனை: இரண்டடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் சுவரோடு அழுந்த ஒட்டி, ஒரு நாள் கழித்து உரித்துப் பார்க்க. உட்புறம் வேர்த்திருந்தால் பெயிண்டுக்காரரை அடுத்த மாதம் வரச் சொல்லுக.